ஏழுதட்டு மெக்கானிக்

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் இருந்தது. அதை யார் கூப்பிட்டார்கள்? தெருவுக்கு அவன் ஏழுதட்டு. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. சிஸ்டம் படுத்துவிட்டது என்று யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், சிஸ்டம் ஏற்றுகிற தன் பழைய சீடியை உள்ளே தள்ளுவான். அது சுழன்று திரை நீலமாகும். உடனே கீபோர்டில் ஏழே ஏழு தட்டு: என்டர், எஃப் எட்டு, டி, என்டர், எல், என்டர், என்டர். அவ்வளவுதான். உள்ளே இருந்ததெல்லாம் அழிந்து புது சிஸ்டம் ஏற ஆரம்பித்துவிடும். பதினெட்டு வருஷமாக அதே சீடி, அதே ஏழு தட்டு.

தட்டும்போது திரையைப் பார்க்கவே மாட்டான், அதுதான் வேடிக்கை. வந்தவரோடு வெயிலைப் பற்றியோ முதுகுவலியைப் பற்றியோ பேசிக்கொண்டே விரலை ஓட விடுவான். "என்னப்பா, பார்க்காமலே அடிக்கிற?" என்று கேட்டால், "சோத்தை வாய்க்குக் கொண்டு போறப்ப கண்ணாடி பார்த்தா கொண்டு போறீங்க?" என்பான். கேட்டவர் சிரித்துவிட்டுப் போவார். வாய்க்கொழுப்பு என்றால் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் கை சுத்தம், வேலை சுத்தம், அதை யாரும் மறுக்க முடியாது.

இனி அவனுடைய அண்ணன். அவர் காய்கறி மண்டியில் ஏலம் கூறுகிறவர். விடிகாலையில் தக்காளிப் பெட்டி மேல் ஏறி நின்று அவர் விலை சொன்னால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவன்கூடப் பத்து ரூபாய் கூட்டிக் கேட்பான். வீட்டிலும் அதே தொண்டைதான். அவர் பெண்டாட்டி காதில் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்லுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால் ஆள் மிஞ்சுவார், எடுக்காவிட்டால் அதுவும் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்த மூன்று வாரத்தில் தம்பி ஒரு காரியம் செய்தான். அவன் வாழ்நாளில் செய்த நல்ல காரியம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும். கடையின் பின்னறை ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி, அண்ணனை மைக் முன்னால் உட்கார வைத்து, "இனிமே உனக்கு என்னென்ன பேச வேண்டி வருமோ அதையெல்லாம் இப்பவே பேசிடுண்ணா" என்றான். ஆயிரத்து நூறு வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நம்பரைத் தட்டி என்டர் கொடுத்தால் அண்ணன் குரல் ஸ்பீக்கரில் வரும். தெரிந்த புரோகிராமர் ஒருவர் அதற்கென்று எழுதிக் கொடுத்தது, பழைய சிஸ்டத்தில் மட்டும் ஓடும். ஏலக்காரர் இல்லையா, ஆயிரத்து நூறு நம்பரும் அண்ணனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஆபரேஷன் முடிந்து ஒன்பது வருஷம் அண்ணன் அப்படித்தான் பேசினார். பதினாலைத் தட்டினால், "யாரது? உள்ள வாங்க." ஐம்பத்திரண்டு, "உப்பு போட மறந்துட்டியா, இல்ல வீட்ல உப்பே இல்லையா?" இருநூற்று ஏழு தம்பிக்கு மட்டுமே, "டேய் முட்டாள், சாப்பிட்டியாடா?" மண்டிக்காரர்கள் பார்க்க வந்தால் பழைய ஏல வசனத்தைப் போட்டுவிட்டுக் கண்ணைச் சிமிட்டுவார். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியே மூச்சு. வாயைத் திறந்தால் வெறும் காற்று. ஆனால் யாரும் அவரை ஊமை என்று நினைத்ததில்லை. நினைக்க அவர் விட்டால்தானே!

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள் காலையில் கருகல் வாசனையோடு நின்றுபோயிற்று. ஏழுதட்டு வந்து திறந்து பார்த்தான். மதர்போர்டு போய்விட்டது. குரலெல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. "புதுப் பெட்டி வாங்கி, இந்த டிஸ்க்குல இருக்கறதை அதுல ஏத்திட்டா முடிஞ்சுது" என்றான். புதுப் பெட்டி வந்துசேரப் பதினொரு நாள் ஆயிற்று. பதினொரு நாளும் அண்ணன் வீட்டில் சத்தமே இல்லை. மனுஷன் தாளில் எழுதிக் காட்டுவார், அண்ணி அடுப்பில் வேலையாக இருப்பாள், அவள் வந்து படிப்பதற்குள் சொல்ல வந்தது ஆறிப்போயிருக்கும். ஏழாவது நாளிலிருந்து எழுதுவதையும் விட்டுவிட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அண்ணி கடைக்குப் போன் போட்டு, "தம்பி, அவர் முகத்தைப் பார்க்க முடியலைங்க. சீக்கிரம் எதையாவது செய்யுங்க" என்று அழுதாள்.

அதனால்தான் அந்த அவசரம். பெட்டி வந்ததுமே கடையைப் பூட்டிவிட்டு அண்ணன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனான். அண்ணி ஒரு நல்ல வார்த்தை சொன்னாள். "முதல்ல அந்தக் குரலை வேற எதுலயாவது காப்பி எடுத்து வச்சிடுங்களேன் தம்பி. மனசு என்னவோ அடிச்சுக்குது."

"அதுக்குக் கடைக்குக் கொண்டுபோகணும் அண்ணி. அரை நாள் போயிடும். சிஸ்டத்தை ஏத்திட்டா இங்கயே பத்து நிமிஷத்துல காப்பி. அண்ணன் சாயங்காலம் பேசிடுவார், பாருங்க."

ஊரார் எல்லோருக்கும் காப்பி எடு, காப்பி எடு என்று பாடம் நடத்துகிறவன்தான். ஊருக்கு உபதேசம். ஒருமுறை இரண்டு சீடியில் எடுத்து அண்ணியிடம் கொடுத்திருந்தான். சமையலறை அலமாரிச் சூட்டில் மேல்பூச்சு உரிந்து இரண்டும் போய்விட்டன. அப்புறம் எடுக்கலாம், அப்புறம் எடுக்கலாம் என்று நாள் ஓடிவிட்டது.

கூடத்து மேஜையில் பெட்டியை வைத்துப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினான். புது டிஸ்க்கையும் பழைய டிஸ்க்கையும் ஒன்றாகவே மாட்டினான். இரண்டு தடவை எதற்குத் திறப்பது? அண்ணனிடம் இரண்டையும் தூக்கிக் காட்டி, "இது உன் பழசு, எண்பது ஜிபி. இது புதுசு, ஐநூறு. ஆறு மடங்கு. இன்னும் எத்தனை திட்டு வேணா திட்டலாம் நீ" என்றான். பதினொரு நாளில் முதல்தடவையாக அண்ணன் உதடு அசைந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சிஸ்டம் சீடியைப் போட்டான். ஆன் செய்தான். திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு வரி வந்தது: கிளம்ப எதுவும் இல்லை, சரியான சீடியைப் போடவும்.

"சரியான சீடிதானேடா போட்டிருக்கேன்!" என்றான் பெட்டியைப் பார்த்து.

செட்டிங்கிற்குள் போனான். சீடியிலிருந்துதான் முதலில் கிளம்ப வேண்டும் என்று மாற்றி வைத்தான். மறுபடி ஆன். மறுபடி அதே வரி. சீடியை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டான். அதே வரி. பையில் இருந்த இன்னொரு சீடியைப் போட்டான். அதுவும் கல்லுப்பிள்ளையார் மாதிரி கிடந்தது. பெட்டி வாங்கிய கடைக்குப் போன் செய்தான். அங்கே இருந்த பையன், "இப்பல்லாம் யாரு சார் சீடில போடறாங்க?" என்றான். "நான் போடறேன்யா! என் அண்ணனுக்குப் போடறேன்!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தான். ஏழுதட்டு யாரிடமும் கத்தி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

மணி பத்தில் ஆரம்பித்தது பன்னிரண்டு ஆயிற்று. அண்ணி இரண்டு தடவை வந்து எட்டிப்பார்த்தாள். முதல் தடவை, "வந்துடுச்சா தம்பி?" என்று கேட்டாள். இரண்டாம் தடவை கேட்கவில்லை, முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அது அவனுக்கு என்னவோ செய்தது. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பேர் வீட்டுப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடவைத்தவன், சொந்த அண்ணன் முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காது மடலெல்லாம் சூடாகிவிட்டது.

சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. புதுப் பெட்டியோடு வந்த சீடி டிரைவே கோளாறாக இருக்குமோ என்று தோன்றியது. பழைய பெட்டியிலிருந்த டிரைவைக் கழற்றி இதில் வைத்தான். எரிச்சலில் எல்லா வயரையும் பிடுங்கி, கைக்கு வந்த ஓட்டையில் கைக்கு வந்த வயரைச் செருகினான். எது எங்கே போனது என்று பார்க்கவில்லை. பழைய டிஸ்க் முதல் ஓட்டைக்குப் போயிற்று. புதுசு மூன்றாவதுக்கு. முதல் ஓட்டையில் இருப்பதைத்தான் அந்த ஏழு தட்டும் அழிக்கும். அதை அவன் அப்போது எண்ணிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இந்தத் தடவை வேறொரு வரி வந்தது. சீடியிலிருந்து கிளம்ப ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்.

"வந்துடுச்சுண்ணா!" என்று என்டரைத் தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து நொடியில் வரி மறைந்து பழைய கறுப்பு. மறுபடி ஆன் செய்து ஸ்பேஸ் பாரைத் தட்டினான். பத்து விரலாலும் தட்டினான். உள்ளங்கையால் அறைந்தான். ஊஹூம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே வா என்று கூப்பிட்டு, வாசலிலேயே நிற்கவைக்கிற வீடு மாதிரி இருந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அண்ணன் தாளை இழுத்து எழுதினார். 'பழைய கீபோர்டைப் போட்டுப் பாரு.'

"அதுல என்னண்ணா இருக்கு" என்று சலித்துக்கொண்டேதான் எடுத்தான். நம்பர் கட்டையெல்லாம் அழிந்துபோன, வயர் முனை உருண்டையாக இருக்கிற, அண்ணனுடைய பழைய கீபோர்டு. மாட்டினான். ஆன் செய்தான். தட்டினான். டிரைவ் உறுமிக்கொண்டு சுழன்றது. திரை நீலமாயிற்று.

அடேயப்பா! பெட்டியோடு வந்த புதுக் கீபோர்டு செட்டிங்கில் விழித்திருக்கும், அதை விட்டால் சிஸ்டம் ஏறிய பிறகுதான் விழிக்கிற ஜாதி. அவன் அத்தனை நேரம் தூங்குகிறவனிடம் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அதைக் கண்டுபிடித்தது யார்? ஒரு ஏலக்காரர். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அண்ணி! வாங்க, வாங்க! உங்க வீட்டுக்காரர்தான் மெக்கானிக்கு, நான் சும்மா டூப்பு!" என்று சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கூப்பிட்டான்.

முகம் அந்தப் பக்கம் இருந்தது. விரல் இந்தப் பக்கம் ஓடியது. என்டர். எஃப் எட்டு.

திரையில் இரண்டு டிஸ்க்கின் பட்டியல் வந்தது. மேலே எழுபத்தாறாயிரத்துச் சொச்சம் என்று சின்ன நம்பர், கீழே நாலு லட்சத்துச் சொச்சம். வெள்ளைப் பட்டை சின்ன நம்பரின் மேல் உட்கார்ந்திருந்தது. எழுத்து புரியாவிட்டாலும் நம்பர் அண்ணனுக்குப் புரியும்: சின்னது பழசு, பெரியது புதுசு. முப்பது வருஷம் நம்பரிலேயே பிழைத்த மனுஷன். பட்டென்று மேஜையில் அறைந்தார்.

"பாருங்க அண்ணி, அண்ணனுக்குப் பொறுக்கலை!" டி. என்டர்.

அண்ணன் மறுபடி அறைந்தார். வாயைத் திறந்தார். கழுத்துத் துளையில் காற்று சீறியது. ஆயிரத்து நூறு வாக்கியம் வைத்திருந்தவரிடம், நிறுத்துடா என்று சொல்ல ஒரு சத்தம் இல்லை.

"இதோ, இதோ, ஆயிடுச்சு." எல். என்டர்.

அண்ணன் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். தம்பி அந்தக் கையை அப்படியே தூக்கி, திருவிழாக் குழந்தைபோலக் குலுக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே மற்றக் கையால் ஏழாவதைத் தட்டினான்.

அண்ணி ஈரக்கையோடு வந்து நின்றாள். திரையில் மஞ்சள் பட்டை நகர ஆரம்பித்தது. அண்ணன் தாளைத் தேடி எடுத்து எழுதிக் காட்டினார். 'எண்பதை அழிச்சிட்ட.'

"இல்லண்ணா. எண்பது பத்திரமா இருக்கு. புதுசுலதான் ஏறுது. எத்தனை வருஷமாப் போடறேன், எனக்குத் தெரியாதா?"

அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். நம்பர் இருந்த பக்கம் போய்விட்டிருந்தது. நாம்தான் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று நினைத்திருப்பார். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பட்டை நாற்பது நிமிஷம் ஓடியது. அந்த நாற்பது நிமிஷமும் பெட்டியின் பிளக் அவர் காலடியில்தான் இருந்தது. ஏழுதட்டு ரசித்து ரசித்து டீ குடித்தான்.

சிஸ்டம் ஏறி முடிந்து டிஸ்க்குகளைத் திறந்து பார்த்தபோது ஐநூறு காலியாக இருந்தது. எண்பதில் புது சிஸ்டம் இருந்தது. வேறு எதுவும் இல்லை. அவன் பெட்டியைத் திறந்து வயர்களைப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலால் தொட்டு எண்ணினான். இன்னொரு தடவை எண்ணினான்.

"அண்ணா" என்றான். அண்ணன் அவனைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அழிந்ததை மீட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஏழுதட்டு டிஸ்க்கைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படி ஒருவரிடம் பஸ்ஸில் போனான். நாலு நாள் அங்கேயே பெஞ்சில் கிடந்தான். நாலாம் நாள் அந்த ஆள் வெளியே வந்து, "ஃபைல் பேரெல்லாம் வருது. குரல் வரலை. சரியா அது மேலயே சிஸ்டம் உட்கார்ந்துடுச்சு" என்றார். திறந்து காட்டினார். ஆயிரத்து நூறு பெயரும் வரிசையாக இருந்தன. எதைத் தொட்டாலும் ஸ்ஸ் என்று ஓர் இரைச்சல். "வேற யார்கிட்டயாவது காட்டலாமா?" என்று கேட்டான். "காட்டுங்க" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. வேறு இரண்டு பேரிடம் காட்டினான். அதே இரைச்சல்தான்.

திரும்பி வந்து அண்ணியிடம் சொன்னான். திட்டுவாள், கையை ஓங்குவாள் என்று நினைத்தான். அப்படியாவது செய்யக்கூடாதா என்றிருந்தது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எல்லாமேவா தம்பி?"

"எல்லாமே அண்ணி."

"எனக்குன்னு தனியா ஒரு எழுபது வச்சிருந்தாரே. அதுவுமா?"

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ரெக்கார்டிங்கின் கடைசி இரண்டு நாளும் அண்ணன், "சிவப்புப் பட்டன்தானே, நானே அமுக்கிக்கறேன். நீ போய் டீ குடிச்சிட்டு வாடா" என்று அவனை வெளியே விரட்டியிருந்தார். என்ன பேசினார் என்று அவன் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. அவன் தலையை மட்டும் ஆட்டினான். அண்ணி உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றரை மாதம் அவன் கடையைத் திறந்தும் திறக்காமலும் இருந்தான். சிஸ்டம் போடச் சொல்லி வந்தவர்களை வேறு கடைக்கு அனுப்பினான். ஒரு நாள் அண்ணனே கடைக்கு வந்தார். கையில் எட்டுத் தாள், ஆயிரத்து நூறில் பொறுக்கி எடுத்தவை, எல்லாம் அவர் கையெழுத்து, வரிக்கு வரி நம்பர். முதல் தாளின் தலைப்பில் எழுதியிருந்தது: 'நீ பேசு. போன்ல நம்ம ரெண்டு பேர் குரலும் யாருக்குமே பிரிச்சுத் தெரிஞ்சதில்லை.'

அது உண்மைதான். அவர்களைப் பெற்ற அம்மாவே போனில் ஏமாந்திருக்கிறாள். ஏழுதட்டு அண்ணன் காலில் விழப் போனான். அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்து நிமிர்த்தினார்.

அண்ணன் வீட்டுக் கூடத்திலேயே மைக்கை வைத்தார்கள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் விரலால் காட்டினார், அவன் படித்தான். இருநூற்று ஏழு வந்தது. "டேய் முட்டாள், சாப்பிட்டியாடா?" என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டான். அண்ணன் தோள் குலுங்கச் சிரித்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக என்று கையைக் காட்டினார். மறுபடி சத்தமாகப் படித்தான். திரும்பப் போட்டுக் கேட்டால் கிட்டத்தட்ட அண்ணன் மாதிரிதான் இருந்தது. கிட்டத்தட்ட.

அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீதித் தாள்களை எடுத்து விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். டாக்டருக்கு, மண்டிக்காரர்களுக்கு, பால்காரருக்கு, தம்பிக்கு, உப்புக்கு, தண்ணீருக்கு. எட்டாவது தாளையும் முடித்துவிட்டுப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, என்கிட்ட பேச ஒண்ணுமே எழுதலையா?"

அண்ணன் தம்பியைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, அந்தப் பின்பக்கத்திலேயே எழுதி அவளிடம் கொடுத்தார். நடுவில் உட்கார்ந்திருந்தவன் கண்ணில் படாமல் இருக்குமா?

'அவன் குரல்ல உன்கிட்ட எப்படிடி பேசுவேன்.'

அண்ணி அதைப் படித்தாள். தாள்களை வரிசையாக அடுக்கி மைக் பக்கத்தில் வைத்தாள். "நீங்க படிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.